ஃபயர்பிளேஸ் மேல் ஒரு கொலு

சென்னையில் ஃபயர்பிளேஸ் கட்டி வைத்திருக்கும் வீட்டில் பெண்ணைக் கொடுத்தவன், பின்னால் வருவதையும் வாங்கிக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டும். நான் கொடுத்தேன். வாங்கியும் கட்டிக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் நான் செய்தது தவறு என்று மட்டும் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. என் மனைவி, மகள், மாப்பிள்ளை என்று ஒரு வீடே எதிரில் நின்று சொன்னாலும் சரி. வாய் திறந்து வாதாடும் பழக்கம் எனக்கு இல்லை. அதனால் எழுதியே சொல்லிவிடுகிறேன்.

நான் தி. நகரில் ஒரு பாத்திரக்கடையில் பில் போடுகிறவன். படிப்பு பத்தாம் வகுப்பு. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்குப் பேச்சு வராது. பந்தியில் ரசம் கேட்கக் கூச்சப்பட்டு, சாம்பாரிலிருந்து நேராக மோருக்குத் தாவியவன். (என் சொந்தக் கல்யாணத்தில்.) எனக்கு ஒழுங்காக வருவது ஒரே ஒரு காரியம், கொலு வைப்பது. மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டில் நவராத்திரி வந்தால் என் மனைவி விஜயா சுண்டலையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொள்வாள். படி கட்டுவது, பொம்மை அடுக்குவது, கீழே பார்க் போடுவது எல்லாம் நான். பொம்மைகளோடு இருப்பது ஒரு சுகம். அவை "அப்புறம்?" என்று கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

எங்கள் ஒரே பெண் கவிதா கூட வேலை பார்க்கும் ஜெரால்டைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். நல்ல பையன். நல்ல குடும்பம். அடையாற்றில் சொந்த வீடு. அப்பா சூசை சார் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பல வருடம் இருந்தவர். அங்கே குடியிருந்த பங்களாவில் ஒரு ஃபயர்பிளேஸ் இருந்ததாம். ரிட்டயர் ஆகி அடையாற்றில் வீடு கட்டியபோது, ஹாலில் அதே மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார். செங்கல், வளைவு, கரி அள்ளும் கரண்டி எல்லாம் உண்டு. புகைபோக்கி மட்டும் கிடையாது. நெருப்பும் இதுவரை மூட்டியதில்லை. மூட்டினால் மே மாதத்தில் குடும்பமே வீட்டை விட்டு ஓட வேண்டியதுதான். அடுப்பு இருக்க வேண்டிய பொந்துக்குள் இன்வெர்ட்டரை வைத்திருந்தார்கள்.

அந்தப் பொந்துக்கு மேலே, நெஞ்சு உயரத்தில், நீளமாக ஒரு தேக்குப் பலகை. அதற்கு மேன்டில் என்று பெயர். நான் ரொம்ப நாள் 'ஷெல்ஃப்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சூசை சார் ஒவ்வொரு தடவையும் "மேன்டில், சம்பந்தி" என்று பொறுமையாகத் திருத்துவார்.

கல்யாணமான வருடம் நவராத்திரிக்குச் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஜெரால்டின் அம்மா ஃபிலோமினா டீச்சர் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எதிரில் உட்கார்ந்தால் என் கைகள் தாமாகக் கட்டிக்கொள்ளும். அவர் கொலுவை மேல் படியிலிருந்து கீழ்ப் படிவரை பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்துவிட்டு, "ரொம்ப அழகா இருக்கு சம்பந்தி. இந்த டிசம்பருக்கு எங்க மேன்டிலை நீங்கதான் அலங்காரம் பண்ணித் தரணும்" என்றார்.

எனக்குக் கிறிஸ்துமஸ் பழக்கமில்லை, வேறு யாரையாவது பாருங்கள் என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது "ஆகட்டும் டீச்சர்."

டிசம்பர் பிறந்ததும் கவிதா போன் செய்தாள். குரலில் பதற்றம்.

"அப்பா, நாகர்கோவில்லேர்ந்து லூர்து அத்தை வராங்க."

லூர்து அத்தை சூசை சாரின் அக்கா. தம்பி மகன் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. "நம்ம வேதத்துல பிள்ளையே கிடைக்கலியா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போனை வைத்தவர். அந்தக் குடும்பத்தில் அவர் தலையாட்டாமல் எதுவும் நடந்ததாக ஆகாது. இப்போது முதல் தடவையாகக் கவிதாவைப் பார்க்க வருகிறார்.

"அவங்களுக்கு என்னைப் பிடிக்கணும்னு இல்லப்பா. ஆனா கொறை சொல்ல எடம் குடுக்கக் கூடாது. மேன்டில் நீங்க பண்றீங்கன்னு மாமியார் ஊரெல்லாம் சொல்லிட்டாங்க. அதனால சாமி பொம்மை ஒண்ணுகூடக் கொண்டு வராதீங்க. மாவிலை வேண்டாம். கோலம் வேண்டாம்."

"சரிம்மா."

"சத்தியமா?"

"சத்தியமா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அட்டைப்பெட்டிகளோடும் ஒரு டேபிள் ஃபேனோடும் ஆட்டோவில் அடையாறு போய் இறங்கினேன். ஃபிலோமினா டீச்சர் குடில் செட்டை எடுத்து வைத்துவிட்டு மாதா கோயிலில் பாட்டு ஒத்திகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு மாடு, இறக்கை வைத்த சம்மனசுகள். எல்லாம் அவருடைய அம்மா காலத்துப் பொம்மைகள். "உங்க இஷ்டம் சம்பந்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது என் கட்சி.

மேன்டில் ஒரே பலகை. கொலுவுக்குப் படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். ஒன்றும் ஒற்றைப்படைதானே என்று பின்னால் விஜயா கேட்டாள். ஒரு படியில் கொலு வைப்பவன் வைக்காமலே இருந்துவிடலாம். சூசை சாரின் தடித்தடிப் புத்தகங்களை அடுக்கி மேலே இரண்டு படி கட்டினேன். ஜரிகைக் கரை வேட்டியை விரித்தேன். மேல் படியில் சம்மனசுகள், நடுவில் ராஜாக்கள், கீழே குடில். பனிக்காக மருந்துக்கடைப் பஞ்சைப் பிய்த்துத் தூவினேன்.

சாமி பொம்மை கூடாது என்றுதானே சத்தியம். மற்றதைப் பற்றிப் பேச்சில்லையே. என் பெட்டியிலிருந்து போலீஸ் பேண்டு செட்டை எடுத்து வரவேற்புக்கு நிறுத்தினேன். குடிலுக்குப் பக்கத்தில் எங்கள் செட்டியார் பொம்மையையும், முன்னால் அவருடைய பலசரக்குக் கடையையும் வைத்தேன். இதற்கு எத்தனை கேலி. நான் கேட்கிறேன், மூன்று ராஜாக்கள் அத்தனை தூரத்திலிருந்து வந்தார்களே, பொன் கொண்டு வந்தார்கள், தூபம் கொண்டு வந்தார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சுக்கு வேண்டும், மிளகு வேண்டும், பெருங்காயம் வேண்டும் என்று ஒருவருக்காவது தோன்றியதா? பக்கத்தில் ஒரு கடை இருந்தால் என்ன கெட்டுவிடும்?

கீழே, பொந்துக்குள், பார்க். வெந்தயத்தை முளைக்கவிட்டுக் கொண்டு போயிருந்தேன். அது புல்வெளி. கண்ணாடித் துண்டு, குளம். இன்வெர்ட்டரை ஓரமாகத் தள்ளி, பிரவுன் பேப்பரைக் கசக்கி மேலே போட்டு பெத்லகேம் மலையாக்கினேன். (அவ்வப்போது 'பீப்' என்று கத்தும் மலை.) நடுவில் நெருப்பு. சிவப்பும் மஞ்சளுமாகப் பட்டக் காகிதத்தை நாக்கு நாக்காக வெட்டி ஒட்டி, அடியில் ஒரு சிவப்பு பல்பு போட்டு, டேபிள் ஃபேனை மல்லாக்கப் படுக்க வைத்து ஒன்றாம் நம்பரில் ஓடவிட்டேன். காகிதம் நெளிந்தது. நிஜ நெருப்பு தோற்றது போங்கள். குன்னூர் பங்களாவில்கூட இப்படி எரிந்திருக்காது.

எட்ட நின்று பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன். மாதா குனிந்து பார்க்கிறார், சூசையப்பர் குனிந்து பார்க்கிறார், மாடுகூடப் பார்க்கிறது. பார்க்கிற தொட்டிலில் குழந்தை இல்லை. வைக்கோல் மட்டும் இருந்தது.

பெட்டியைக் கவிழ்த்தேன். பொம்மை சுற்றி வந்த செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக உதறினேன். பஞ்சைக் கிளறினேன். குப்பைக்கூடையைக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. டீச்சருடைய அம்மா காலத்துக் குழந்தையை நான் தொலைத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன்.

சூசை சாரைக் கேட்டிருக்கலாம். எதிரில்தான் சாய்வு நாற்காலியில் கண் மூடி இருந்தார். போய் அவர் முன்னால் நின்றேன். கண்ணைத் திறந்தார்.

"என்ன சம்பந்தி?"

"ஒண்ணுமில்ல சார்."

"காபி போடச் சொல்லவா?"

"வேண்டாம் சார்."

"பின்ன?"

"மேன்டில் நல்லா கட்டியிருக்கீங்க."

"தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

தொலைத்தது ஒரு பயம் என்றால், இன்னொரு பயம் அதைவிடப் பெரியது. எங்கள் பக்கத்தில் காலித் தொட்டிலை ஆட்ட மாட்டார்கள். வீட்டில் அப்படியே வைத்திருக்கவும் மாட்டார்கள். குழந்தையைத் தூக்கிவிட்டால் ஒரு மடித்த துணியையாவது, ஒரு கிலுகிலுப்பையையாவது உள்ளே போட்டு வைப்பார்கள். காலித் தொட்டில் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆகாது. இங்கே என்னடாவென்றால் என் பெண் கல்யாணமாகி வந்த வீட்டில், நடு ஹாலில், அலங்காரமும் பல்பும் போட்டு ஒரு காலித் தொட்டிலை நானே என் கையால் ஊருக்குக் காட்டிக்கொண்டிருக்கிறேன். படித்தவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மயிலாப்பூர் திரும்பிய கையோடு, வழக்கமாகப் பொம்மை வாங்கும் கடைக்குப் போனேன். குடில் செட்டுகள் நிறைய வந்திருந்தன.

"குழந்தை மட்டும் கிடைக்குமா?"

கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கொயந்தை தனியா வராது சார். செட்டாத்தான் வரும். அம்மா அப்பா இல்லாம இன்னா கொயந்தை?"

செட்டாகவே வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவரிடம் மிச்சமிருந்த செட்டில் குழந்தை டீச்சர் வீட்டுக் குடில் மாட்டைவிடப் பெரியது.

வீட்டுக்கு வந்து பரணிலிருந்து பொம்மைப் பெட்டியை இறக்கினேன். விஜயா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் கையில் எடுத்ததைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டாள். தவழும் கிருஷ்ணன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"கவிதாகிட்ட சத்தியம் பண்ணிருக்கீங்க."

"சாமி பொம்மை கொண்டு வரமாட்டேன்னுதான் பண்ணினேன்."

"அப்ப இது?"

"கொழந்தை."

"யாரோட கொழந்தை?"

"கொழந்தையைப் பாத்தா கொழந்தைன்னுதான் சொல்லணும். யாரோடதுன்னு ஏன் கேக்கறே?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். (அவள் தலையில்தான்.)

கொண்டையிலிருந்த மயிலிறகைச் சுரண்டி எடுத்தேன். உடம்பு நீலம். அதற்கு டால்கம் பவுடரைக் குழைத்துப் பூசினேன். நீலம் போய் ஒரு மாதிரி சாம்பல் வந்தது. கையிலிருந்த வெண்ணெய் உருண்டை மட்டும் எடுபடவில்லை. எடுத்தால் கையோடுதான் வரும். வெள்ளைத் துணியில் கழுத்துவரை சுற்றினேன். மல்லாக்கப் படுக்க வைத்தால் கையும் காலும் மேலே தூக்கி நின்றன. அதனால் தவழும் நிலையிலேயே வைப்பது என்று தீர்மானித்தேன். பிறந்த கையோடு தலையை நிமிர்த்தி ஹாலை ஒரு நோட்டம் விடும் குழந்தை. இருந்துவிட்டுப் போகட்டும், கெட்டிக்காரக் குழந்தை.

மறுநாள் மாலை நானும் விஜயாவும் அடையாறு போனோம். கோயிலிலிருந்து கேரல் பாடும் கோஷ்டி வரும் நாள் அது. லூர்து அத்தை அப்போதுதான் வந்து இறங்கியிருந்தார். குளித்துவிட்டு ஜெபம் முடித்து வருவதற்குள் நான் போய்க் குழந்தையை வைத்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

லூர்து அத்தை ஒல்லியான, உயரமான மனுஷி. வெள்ளைச் சேலை. மேன்டில் முன்னால் வந்து நின்று மேலிருந்து கீழே பார்த்தார். செட்டியாரிடம் வந்ததும் பார்வை நின்றது.

"இவரு ஆரு?"

கவிதா என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"பலசரக்கு" என்றேன்.

"பெத்லகேம்லயா?"

"பிரசவ வீடு. சுக்கு, மிளகு..."

அத்தை "ம்" என்றார். அந்த 'ம்'முக்கு என்ன அர்த்தம் என்று கவிதா மாமியாரைப் பார்த்தாள், மாமியார் மாமனாரைப் பார்த்தார், மாமனார் இன்வெர்ட்டர் மலையைப் பார்த்தார். ஆனால் குழந்தையிடம் அத்தையின் பார்வை நிற்கவில்லை. தலைவரை இழுத்துவிட்ட வெள்ளைத் துணி, பஞ்சுப் பனியோடு பனியாகக் கிடந்து காப்பாற்றியது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கேரல் கோஷ்டி வந்தது. கிட்டார், டிரம், பாடும் பெண்கள், கூடவே கிறிஸ்துமஸ் தாத்தா. சிவப்புக் கம்பளிச் சட்டை, பஞ்சுத் தாடி, பிளாஸ்டிக் முகமூடி. எத்தனையாவது வீட்டில் ஆடிவிட்டு வந்தாரோ, முகமூடியின் மோவாய் வழியாக வேர்வை சொட்டியது. கூட்டம் ஹாலை அடைத்துக்கொண்டது. பாட்டு ஆரம்பித்தது. தாத்தா ஆடிக்கொண்டே ஃபயர்பிளேஸ் பக்கம் ஒதுங்கினார். அங்கே மெல்லிசாகக் காற்று வருவது அவருக்குத் தெரிந்துவிட்டது. உலகத்தில் கிட்ட போனால் குளிரும் ஃபயர்பிளேஸ் அது ஒன்றுதான் இருக்கும்.

தாத்தா குனிந்து பார்த்தார். ஃபேனைக் கண்டுபிடித்தார். பாவம், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். மூன்றாம் நம்பரில் வைத்தார்.

முதலில் நெருப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. காகித நாக்குகள் மேலே பறந்து சீலிங் ஃபேனில் மாட்டிச் சுற்றின. அடுத்து பனி எழும்பியது. அத்தனை பஞ்சும் ஒரே மூச்சில் கிளம்பி ஹால் முழுக்க மிதந்தது. பாடிய பெண்ணின் வாயில் கொஞ்சம், கிட்டாரில் கொஞ்சம், லூர்து அத்தையின் கண்ணாடியில் ஒரு பிடி. வேட்டி உப்பிப் பாய்மரம் மாதிரி நின்றது. போலீஸ் பேண்டு வரிசையாகக் குப்புற விழுந்தது. கடைசியாக, குழந்தை மேல் சுற்றியிருந்த துணி அவிழ்ந்து, அலுங்காமல் பறந்து போய் சூசை சார் மடியில் விழுந்தது.

பாட்டு நின்றது. டிரம் அடித்தவன் மட்டும் கவனிக்காமல் இரண்டு அடி சேர்த்து அடித்துவிட்டு நிறுத்தினான்.

தொட்டிலில், சாம்பல் நிறத்தில், இடுப்பில் அரைஞாணோடு, ஒரு காலை மடித்துத் தவழ்ந்தபடி, கையில் வெண்ணெயோடு, எல்லாரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது எங்கள் வீட்டுக் குழந்தை.

லூர்து அத்தை கண்ணாடியைக் கழற்றினார். பஞ்சைத் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார்.

"இது ஆருக்க பிள்ளை?"

ஜெரால்டு சட்டையில் ஒட்டிய பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"ஜெரால்டு, ஒனக்குக் காது கேக்கல்லியா? கையில என்னது, வெண்ணெயா?"

கவிதா என்னைப் பார்த்து "அப்பா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஃபிலோமினா டீச்சர்தான் மெதுவாகப் பேசினார். "குழந்தையைக் காணோம்னு நெனச்சீங்களா சம்பந்தி? அது என் பீரோல இருக்கு. கிறிஸ்துமஸ் ராத்திரி பூசை முடிஞ்சு வந்துதான் எடுத்து வைப்போம். அதுவரைக்கும் முன்னணை காலியாத்தான் இருக்கும். அதுதான் வழக்கம்." விழுந்து கிடந்த பேண்டுக்காரர் ஒருவரை நிமிர்த்தி வைத்துவிட்டு, "இந்த வருஷம் கவிதா கையால வைக்கணும்னு நெனச்சிருந்தேன். லூர்து மைனியும் போன்லயே சரின்னு சொல்லியாச்சு" என்றார்.

அப்போது எனக்குப் புரிந்தது. இந்த வீட்டில் என் பெண்ணைத் தங்கள் ஆளாக ஏற்றுக்கொண்டோம் என்று சொல்ல அவர்கள் ஒரு இடத்தைக் காலியாக வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் நான் வெண்ணெயோடு ஒருவரைக் குடியேற்றிவிட்டேன்.

"சரி, எடுங்க அத" என்றார் லூர்து அத்தை.

"எடுக்க மாட்டேன்" என்றது ஒரு குரல்.

யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லை, மேலே பேச வேண்டியதாகிவிட்டது. "காலித் தொட்டில் வீட்ல இருக்கக் கூடாதுங்க. பொண்ணு புதுசா வந்திருக்கற வீடு. உங்க கொழந்தையைக் கொண்டாங்க, எங்க கொழந்தையை எடுத்துக்கறேன். அதுவரைக்கும் எடுக்க மாட்டேன்."

"அது தொட்டில் இல்ல. மாட்டுக்குத் தீவனம் வைக்கிய முன்னணை."

"கொழந்தையைப் படுக்க வச்சா அது தொட்டில்தான்."

"பிள்ளை இன்னும் பொறக்கல்ல."

"பொறக்கற வரைக்கும் ஒரு கொழந்தை இருக்கட்டும்னுதான் நானும் சொல்றேன்."

என் வாழ்நாளுக்கான பேச்சு அத்தோடு தீர்ந்துபோனது. மேன்டிலைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிடியில் மேல் படிப் புத்தகம் நழுவி ஒரு ராஜா குளத்தில் குதித்தார். விஜயா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கிறிஸ்துமஸ் தாத்தா முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலை குனிந்திருந்தார்.

லூர்து அத்தை என்னையே பார்த்தார். நானும் பார்த்தேன். (அவருடைய காதைப் பார்த்தேன். கண்ணைப் பார்க்கும் அளவுக்கு வரவில்லை.)

ஃபிலோமினா டீச்சர் தொண்டையைச் செருமினார். "மைனி, ஸ்கூல்ல ஒரு டீச்சர் பிரசவ லீவுல போனா என்ன செய்வோம்? கிளாசைக் காலியாவா விடுவோம்? லீவ் வேகன்சில ஒருத்தரைப் போடுவோம். நிஜ டீச்சர் வந்ததும் அவங்க போயிருவாங்க. அந்த மாதிரி வச்சுக்கலாமே."

"டெம்பரவரியா?"

"டெம்பரவரிதான்."

லூர்து அத்தை மேன்டில் கிட்டே போனார். குனிந்து எங்கள் பிள்ளையை உற்றுப் பார்த்தார். எடுத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சூசை சார் மடியிலிருந்த துணியை வாங்கி, பிள்ளையைக் கழுத்துவரை இறுக்கமாகச் சுற்றினார். நான் சுற்றியதைவிட நன்றாகவே சுற்றினார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"அந்த ஃபேனை நிறுத்துங்க மொதல்ல" என்றார். "பச்சப் பிள்ளைக்குக் காத்து ஆகாது."

பாட்டு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கேரல்காரர்கள் கேக் சாப்பிடும்போது கவிதா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"சத்தியம் பண்ணீங்க."

"பண்ணினேன்."

"எனக்குக் கொழந்தை வரதும் வராததும் ஒரு பொம்மையோட கையிலயா இருக்கு? நான் கேட்டேனா? எங்க ரெண்டு பேருக்கும் இப்ப அந்த நெனப்பே இல்ல. இத்தனை பேர் நடுவுல தொட்டில் அது இதுன்னு பேசி... எனக்கு எங்க போய் முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியலப்பா."

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். அவளுக்காகத்தான் செய்தேன், அவளைக் கேட்காமல் செய்தேன். இரண்டும் உண்மை. ஆனாலும், அந்தப் பிள்ளையை எடுத்துவிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளும் எடுங்கள் என்று சொல்லவில்லை. முந்தானையால் என் தலையிலிருந்த பஞ்சைத் தட்டிவிட்டாள். அவ்வளவு கோபத்திலும் தட்டிவிட்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று காலை அவளே போன் செய்தாள். பூசை முடிந்து வந்ததும் டீச்சர் பீரோவிலிருந்து குழந்தையை எடுத்து இவள் கையில் கொடுத்தாராம். எல்லாரும் சுற்றி நிற்க, இவள் ஒரு கையில் அவர்கள் குழந்தையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் நம் குழந்தையைத் தூக்கினாளாம். தூக்கிவிட்டு, ஜெரால்டு போட்டோ எடுக்கட்டும் என்று ஒரு நிமிடம் நின்றிருக்கிறாள்.

"உடனே அத்தை அதட்டினாங்கப்பா. 'என்ன பிள்ளே பாத்துக்கிட்டு நிக்கிய? சட்டுனு வையி. காலியா இருக்கப்பிடாதுன்னு ஒங்கப்பா சொல்லிருக்காரு'ன்னாங்க."

சொல்லும்போது அவள் சிரித்தாளா அழுதாளா என்று போனில் சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் பெயர் அந்த வீட்டில் 'லீவ் வேகன்சி' ஆகிவிட்டது. ஜெரால்டு தன் நண்பர்களுக்கு என்னை அப்படித்தான் அறிமுகம் செய்கிறான். டிசம்பர் வந்தால் ஃபிலோமினா டீச்சர், "சம்பந்தி, ஒரு வேகன்சி விழுந்திருக்கு, ஆள் இருக்கா?" என்று போன் செய்வார். நான் கொண்டு போய் வைப்பேன். கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பக் கொண்டு வருவேன். பேர் வைத்தவர்கள் வைத்துக்கொள்ளட்டும். மன்னிப்பு என்று ஒன்று நான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

போன வருடம் எனக்குச் சிக்குன்குனியா. கையைக் காலை நீட்ட முடியாமல் படுத்திருந்தேன். மேன்டிலை ஜெரால்டே அலங்கரித்துவிட்டான். என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று டீச்சரும் சொல்லிவிட்டாராம். நானும் எப்படிப் போன் செய்து கேட்பது என்று கூச்சப்பட்டுக்கொண்டு பேசாமல் கிடந்தேன்.

ஒரு நாள் காலையில் போன் அடித்தது. புது நம்பர்.

"நான் நாகர்கோவில் லூர்து பேசுகேன். இப்பந்தான் அடையாறு வந்தேன். என்ன ஓய், இங்க முன்னணை காலியாக் கெடக்கு. ஒம்ம பிள்ளை எங்க?"

காய்ச்சல் என்றேன்.

"ஒமக்குத்தானே காய்ச்சல். பிள்ளைக்கு என்ன? அனுப்பி வையும். நான் எவ்வளவு நேரம் இதப் பாத்துக்கிட்டு இருக்கியது?"

விஜயா பிள்ளையைத் துண்டில் சுற்றி, ஒரு எவர்சில்வர் டப்பாவில் வைத்து, பார்சல் கொண்டுபோகும் பைக்காரர் ஒருவரிடம் கொடுத்து அனுப்பினாள். நான் ஜன்னல் வழியாக அந்த பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு போனை மார்பு மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. மறுபடி அடித்தது.

"பிள்ளை சொகமா வந்து சேந்தாச்சு" என்றார் லூர்து அத்தை.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று சேதி கேட்கிறவன் மாதிரி, "ரொம்ப சந்தோஷம்" என்றேன்.